அறுபத்துநாலு மில்லிமீட்டர்

தலைவலி என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் கண்தான் என்பது கண்ணாடிக்காரரின் முடிந்த முடிவு. பரிசோதனைக்கு முன்பே முடிந்துவிட்ட முடிவு. தெருவில் யாராவது நெற்றியைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தால் போதும். "தலைவலியா? எத்தனை நாளா? கடைக்கு வாங்க, கண்ணைப் பாத்துடலாம்" என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை மாடிப்படியில் உருண்டு விழுந்து மண்டையில் மூன்று தையலோடு வந்த தபால்காரரையே உட்காரவைத்துச் சோதித்தார். "பாத்தீங்களா, இடது கண்ணுல கால் பவர் இருக்கு. படி சரியாத் தெரியாமதான் விழுந்திருக்கீங்க" என்று சொல்லி ஒரு கண்ணாடியை அவர் தலையில் கட்டி அனுப்பினார். தெருவே அவரை டாக்டர் என்று கூப்பிட்டது. அவர் டாக்டர் இல்லை. ஆனால் யாரையும் திருத்தியதும் இல்லை.

அதற்காக ஆள் ஏமாற்றுப் பேர்வழி என்று நினைத்துவிடக் கூடாது. தொழிலில் சுத்தம். அவர் கடைக்குள் வந்த எவரும் அளவு கொடுக்காமல் வெளியே போனதில்லை. உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்குத்தண்டின் மேல் சின்ன ஸ்கேலை வைத்து, "என் இடது கண்ணைப் பாருங்க, இப்ப வலது கண்ணைப் பாருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லி, ஒரு கருவிழியிலிருந்து இன்னொரு கருவிழிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அட்டையில் எழுதி, இழுப்பறையில் வைத்துவிடுவார். லென்ஸின் நடுப்புள்ளி கருவிழிக்கு நேராக உட்கார வேண்டும், தள்ளி உட்கார்ந்தால் இரண்டு கண்ணும் நாளெல்லாம் மல்லுக்கட்டி மண்டையைப் பிளந்துவிடும் என்று கண்ணாடிக்கடைக்காரர்கள் சங்கத்தில் பிரசங்கமே செய்திருக்கிறார். இருபத்தாறு வருடத்தில் அவருக்கு ஒரே ஒரு கர்வம் வளர்ந்திருந்தது. அளப்பதற்கு முன்னாலேயே பார்த்த மாத்திரத்தில் எண்ணைச் சொல்லிவிடுவார். "உங்களுக்கு அறுபத்தி ரெண்டு." ஸ்கேலை வைத்தால் அறுபத்திரண்டுதான் இருக்கும். பத்தில் ஒன்பது தடவை சரியாக வரும். அந்தப் பத்தாவது தடவையைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை.

அவருடைய மனைவி மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டையும் தாளும் அச்சடிக்கும் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, நாம் எல்லோரும் பிரிக்காமலே குப்பையில் போடுவோமே, அந்தத் தாளை எழுத்தெழுத்தாகப் படித்த ஒரே ஜீவன் உலகத்தில் அவளாகத்தான் இருக்கும். மில்லிகிராமில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஆள் காலி. பதினோரு வருடத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு புள்ளிகூட இடம் மாறியதில்லை. ஒருவர் படித்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகு இன்னொருவர் முதலிலிருந்து படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் படித்ததை இரண்டாவதாகப் படிக்க வருகிறவர்கள் ஏற்கெனவே பேனாவைத் திறந்துகொண்டுதான் வருவார்கள், கையெழுத்து மட்டும் போட.

அந்தப் பிரிவின் தலைவர் ஓய்வு பெறப்போகிறார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "அடுத்து நீங்கதான். யோசிச்சு, வர்ற மாசம் விட்டு அதுக்கடுத்த மாசம் முதல் திங்கட்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க" என்று சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு தடவை சொன்னாள், கழற்றிவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். தன்னைப் பற்றி ஒரு விஷயத்தை அவள் இரண்டு தடவை சொல்லிக் கண்ணாடிக்காரர் கேட்டதே இல்லை.

அதே வாரத்தில் அவர்களுடைய கல்யாண நாள். மனைவியின் பழைய கண்ணாடி ஒரு கால் உடைந்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். கடையிலேயே நல்ல ஃபிரேமாக, அகலமாக, லேசாக, கருநீலத்தில் எடுத்தார். மைனஸ் ஐந்தரை லென்ஸை உசத்தி ரகத்தில் போட்டார். அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே ஒளித்துவைத்து, அவள் தட்டை எடுத்ததும் கையைத் தட்டினார். மகள் போட்டோ எடுத்தாள். மனைவி மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. லேசா இழுக்குற மாதிரி இருக்குங்க."

"புதுக் கண்ணாடி. நாலு நாள் பழகணும்."

இது கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் அவர் சொல்லும் வாக்கியம். மனைவிக்கும் அதையே எடுத்துக் கொடுத்தார்.

நாலு நாள் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. தலைவலி ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு இரண்டு புருவத்துக்கும் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோலத் தொடங்கும். பகல் சாப்பாட்டு நேரத்தில் பின்மண்டைக்குப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் முகம் பிழிந்துபோட்ட துணிபோல இருக்கும். சமையலறை விளக்கை அணைத்துவிட்டுச் சமைத்தாள். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் கேட்கும். அந்த மாத்திரையின் தாளை மெய்ப்புப் பார்த்தவளும் அவள்தான். பக்கவிளைவுகள் பட்டியலில் மூன்றாவது வரி தலைவலி என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஒரு வீட்டில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் மற்றவர்களுக்கெல்லாம் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மனைவியின் அண்ணனுக்கு இந்த உலகமே வாயுவால் ஆனது. மூட்டுவலி, தும்மல், கோபம், பரீட்சையில் ஃபெயில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில். "மாப்ள, இது கேஸ். வயித்துல கிளம்பி நேரா மண்டைக்குப் போயிருச்சு. உருளைக்கிழங்கை நிறுத்துங்க." நிறுத்தினார்கள். மகள் கல்லூரியில் படிப்பவள், எல்லாவற்றையும் போனில் பார்த்துச் சொல்வாள். "அம்மா தண்ணியே குடிக்கறதில்லப்பா. டீஹைட்ரேஷன்." ஒரு பெரிய பாட்டிலை வாங்கி, கோடு போட்டு, எந்த மணிக்கு எந்தக் கோடு வரை குடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். தலைவலி குறையவில்லை. அச்சகத்தில் கழிவறைக்கும் நாற்காலிக்குமாக அவள் நடந்த நடைதான் கூடியது.

பக்கத்து வீட்டில் இருக்கும் கண்ணாடிக்காரரின் அக்கா கடைசியாக வந்தார். அந்த வீட்டில் அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"இதுல ஆராய்ச்சி பண்ண என்னடா இருக்கு? பொடி எழுத்தைக் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உத்துப் பாத்தா மண்டை வலிக்காம மணக்குமா? இதுல தலைமைப் பொறுப்பு வேற. வேலைதான்டா காரணம். விட்டுட்டு வீட்டுல இருக்கச் சொல்லு."

"பதினோரு வருஷமா இதே எழுத்தைத்தான் அண்ணி பாக்கறேன்" என்றாள் மனைவி.

"அதான் சொல்றேன். பதினோரு வருஷத்துக் களைப்பு மொத்தமா இறங்கியிருக்கு."

அக்காவின் வாதங்களில் இது ஒரு சௌகரியம். எந்தப் பக்கம் போனாலும் அவர் வீட்டு வாசலில்தான் கொண்டுபோய் விடும்.

இத்தனை பேச்சிலும் ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. ஊரில் தலைவலி என்று சொன்ன எல்லோருக்கும் கண்ணைப் பார்த்த மனிதர், தன் வீட்டுத் தலைவலிக்கு மட்டும் வாயு, தண்ணீர், தூக்கம், மின்விசிறிக் காற்று, தலையணை உயரம் என்று எல்லா இடத்திலும் தேடினார். தலையணையைக்கூட மாற்றினார். கண் பக்கம் போகவே இல்லை. கேட்டால், "கண்ணு பக்கா. நான்ல பாத்திருக்கேன்?" என்பார்.

நிஜ டாக்டரிடமும் போனார்கள். டாக்டர் மனைவியைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது? நெத்தியிலா, பொட்டுலயா, பின்னாடியா?" என்று கேட்டார்.

"நெத்தில ஆரம்பிச்சு பின்னாடி போகுது டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர்.

"குத்துதா, அழுத்துதா?"

"அழுத்துது" என்றார் கண்ணாடிக்காரர்.

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அவங்களுக்கும் வாய் இருக்குல்ல சார்?" பிறகு ரத்த அழுத்தம் பார்த்தார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், தூக்கம், சாப்பாடு, காபி, கவலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "பயப்படற மாதிரி எதுவும் தெரியலம்மா. தலைவலிக்கு நூறு காரணம் இருக்கும். ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்க. எப்ப வந்துச்சு, அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, என்ன சாப்பிட்டீங்க, எப்படிப் போச்சு. மூணு வாரம் கழிச்சு நோட்டே சொல்லிடும். கண் செக் பண்ணீங்களா?"

"அதைப் பத்திக் கவலையே வேணாம் டாக்டர். அது நம்ம டிபார்ட்மெண்ட்."

டாக்டர் சீட்டில் 'கண்: சரி' என்று எழுதினார். எழுதியாகிவிட்டால் பிறகு அதை யார் கேட்பது?

மெய்ப்புப் பார்க்கிறவள் எழுதும் தலைவலி நோட்டு எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தேதி, மணி, நிமிடம், பத்துக்கு எத்தனை வலி, எல்லாம் கோடு போட்டுக் கட்டம் கட்டமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து நோட்டை வாசித்தார்கள். அண்ணன் தனக்கு வேண்டிய நாளைக் கண்டுபிடித்தார். "பாத்தீங்களா, பதினாலாம் தேதி வாழைக்காய்." மகள் இரண்டு கோடு தண்ணீர் குறைந்த நாளைக் கண்டுபிடித்தாள். அக்கா பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமையில வலி கம்மி. வேலை நாள்ல ஜாஸ்தி. இதுக்கு மேல என்ன வேணும்?"

அக்கா சொன்னது நோட்டில் இருக்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பகலெல்லாம் கண்ணாடியைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பாள், வீடு அவளுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும் என்பதை எழுத அந்த நோட்டில் ஒரு கட்டம் இல்லை. எழுதியிருந்தாலும் படிக்க ஆள் இல்லை.

மனைவி நோட்டை மூடினாள். "ஒரு வாரம் லீவு போட்டுப் பாக்கறேன். வீட்டுல இருந்து வலி நின்னுட்டா, வேலைதான் காரணம். அதுக்கப்புறம் அந்தப் பொறுப்பு எனக்கு வேணாம். படிக்கற வேலையே வேணாம். பேக்கிங் செக்ஷனுக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுத்துடறேன்." இதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. லீவு முடிகிற திங்கட்கிழமைதான் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டிய திங்கட்கிழமை.

லீவின் முதல் நாளே மறுபடியும் தலைவலி வந்தது. காலையிலிருந்து கண்ணாடியோடு உட்கார்ந்து அலமாரிப் பழைய காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வேலையோட மிச்சம்" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். மறுநாள் காலையில் கண்ணாடியின் ஒரு பக்கத்து ஸ்க்ரூ லூசாகிவிட்டது என்று கண்ணாடிக்காரர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். உட்காரக்கூட இல்லை. "நீங்க குடுத்த கண்ணாடியைப் போட்டதுலேர்ந்து எனக்குத் தலைவலி. உங்க அளவு தப்பு" என்று ஆரம்பித்தார்.

இருபத்தாறு வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. டீச்சரின் கண்ணாடியை வாங்கி லென்ஸ் மீட்டரில் வைத்து, இரண்டு லென்ஸிலும் நடுப்புள்ளியைக் குறித்து, ஸ்கேலை வைத்தார். அறுபத்தொன்று. இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்தார். அறுபத்தொன்று. டீச்சரை உட்காரவைத்து மறுபடியும் கண்ணை அளந்தார். அறுபத்தொன்று. "இப்ப சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "ஒரு கணக்கு சரியா வந்தா வழிமுறை சரின்னு ஆயிடுமா? இன்னொண்ணு போட்டுக் காட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து மனைவியின் கண்ணாடியை எடுத்தார். அவர் கையால் செய்ததிலேயே உசத்தி அதுதான். "இது எங்க வீட்டம்மாவோடது. பாருங்க, எப்படி உக்காருதுன்னு." வைத்தார், குறித்தார், அளந்தார். "அறுபத்தி நாலு."

"அட்டையில எவ்வளவு?" என்றார் டீச்சர், விடைத்தாளைத் திருத்துகிறவர்போல.

"இதோ" என்று இழுப்பறைக்குப் போனவரின் கை, அட்டைகளுக்கு நடுவில் நுழைந்ததும் வேகம் குறைந்தது. இந்தக் கண்ணாடிக்கு அவர் அட்டையை எடுக்கவே இல்லை. அளக்கவும் இல்லை. அளந்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமே, ஆச்சரியப்படுத்த வேண்டுமே என்று விட்டார். அட்டை இந்த இழுப்பறையிலேதான் நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. கட்டின பெண்டாட்டி முகம் நமக்குத் தெரியாதா என்று அன்றைக்கு மிஷினில் எண்ணைத் தட்டிவிட்டார். அவள் அட்டை பழுப்பேறி அடியில் கிடந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அவருடைய சொந்தக் கையெழுத்து. ஐம்பத்தெட்டு.

ஆறு மில்லிமீட்டர் தப்பு. மைனஸ் ஐந்தரை பவரில் ஆறு மில்லிமீட்டர் என்றால் என்ன ஆகும் என்று சங்கத்தில் அவரே படம் வரைந்து காட்டியிருக்கிறார். பாவம் அந்த இரண்டு கண்ணும் ஆறு வாரமாக ஒன்றையொன்று வெளியே பிடித்து இழுத்துக்கொண்டே மில்லிகிராமுக்கும் புள்ளிக்கும் காவல் இருந்திருக்கின்றன.

"என்ன, எவ்வளவு?" என்றார் டீச்சர்.

"சரியா இருக்கு டீச்சர்" என்று அட்டையைத் திரும்பச் சொருகினார்.

"அப்ப என் தலைவலிக்கு என்னதான் காரணம்?"

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணாடிக்காரர், "தெரியல டீச்சர். ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க" என்றார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கடையைப் பகலிலேயே பாதி சாத்திவிட்டு, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அதே ஃபிரேமுக்கு இரண்டு புது லென்ஸை ஐம்பத்தெட்டுக்கு வெட்டி மாட்டினார். மூன்று தடவை அளந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஸ்க்ரூவைப் போட்டாச்சு" என்று நீட்டினார்.

மனைவி மாட்டிக்கொண்டாள். "அட, நல்லாத் தெரியுதே."

"தொடச்சேன்" என்றார்.

சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டர் என்று கூப்பிடுகிற தெரு, 'கண்: சரி' என்று எழுதவைத்த சீட்டு, அக்கா, மச்சான், சங்கம் எல்லாம் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல அவருக்கு இருந்தது. எப்படியும் திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போவாள், தலை வலிக்காது, தானாகச் சரியாகிவிடும், எதற்கு வீணாக வாயைக் கொடுப்பது என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டார். அவளுடைய கணக்கு வேறு விதமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை வலி இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் நோட்டில் வரிசையாகப் பூஜ்யம். வீட்டில் எல்லோரும் ஜெயித்துவிட்டார்கள். மச்சான் போனில், "உருளைக்கிழங்கை நிறுத்தி ஒரு மாசம். கேஸ் முழுக்க வெளிய போக அவ்வளவு நாள் ஆகும் மாப்ள" என்றார். மகள் தண்ணீர் பாட்டிலைப் போட்டோ எடுத்துப் போட்டாள். அக்கா இனிப்போடு வந்தார். "நான் சொன்னேன்ல? வீட்டுல ஒரு வாரம் இருந்தா, முகத்துல என்ன களை பாரு."

மனைவியும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? கட்டம் போட்டு எழுதியது அவள் கைதான். லீவு போட்டாள், வலி நின்றது. ஞாயிற்றுக்கிழமை பகலில் மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். தலைமைப் பொறுப்பை ஏற்க இயலவில்லை, உடல்நிலை காரணமாகப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிக் கொடுக்கவும். எழுதி முடித்து வழக்கப்படி மூன்று தடவை பிழை பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மெய்ப்புக்கு வைத்திருந்த நாலு சிவப்புப் பேனாக்களை எடுத்து மகளிடம் கொடுத்தாள். "வெச்சுக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?"

அப்போது கண்ணாடிக்காரருக்கும் தலை வலிக்க ஆரம்பித்தது. காரணம் இன்னதென்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவருக்குத் தெரிந்த தலைவலி இது.

சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது ஒரு முயற்சி செய்தார். "எனக்கென்னவோ அந்தக் கண்ணாடில..."

"நீ சும்மா இரு. உனக்கு எதைப் பாத்தாலும் கண்ணாடிதான்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினாள். அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். "நீங்க எங்க?" என்றாள். "சும்மா" என்றார். நிறுத்தத்தில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்ததும் வார்த்தை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது.

"வேலை இல்ல. கண்ணாடி. நான் போட்ட கண்ணாடி தப்பு. உன் அளவு ஐம்பத்தெட்டு, நான் அறுபத்தி நாலு வெச்சுட்டேன். செவ்வாக்கிழமை மாத்திட்டேன். அதனாலதான் வலி நின்னுச்சு. லெட்டரைக் குடுக்காத."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள், பார்த்தாள், மறுபடியும் போட்டுக்கொண்டாள். பிறகு அச்சகத்தில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அறுபத்தி நாலுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"ரெண்டாவதா பாத்தது?"

"யாரும் பாக்கல."

"அறுபத்தி நாலு யாரோட அளவு?"

"யாரோடதும் இல்ல. பொதுவா வர்ற அளவு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "அன்னைக்கே இழுக்குதுன்னு சொன்னேன். பழகிடும்னு சொன்னீங்க. ஆசையா கொண்டு வந்து குடுத்தது, அதைப் போய் எப்படிக் குறை சொல்றதுன்னு நானும் ஆறு வாரமா பழகிக்கப் பாத்தேன்." குரல் அந்த இடத்தில் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "இன்னும் எத்தனை பேருக்கு இப்படி அளக்காம போட்டீங்க?"

இந்தக் கேள்விக்காவது தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியும் என்று அவருக்கு ஒரு தெம்பு வந்தது. நிஜமாகவே தொழிலில் சுத்தமான மனிதர் அல்லவா? "சத்தியமா யாருக்கும் இல்ல. கடைக்கு வர்றவங்க ஒருத்தரைக்கூட அளக்காம அனுப்பினதில்ல. உனக்கு மட்டும்தான் அளக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

பக்கத்தில் நின்ற இருவரில் ஒருவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து அவர் கையில் வைத்தாள். படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"சாயங்காலம் வர லேட்டாகும். புதுப் பொறுப்பு, ஒப்படைக்கற வேலை இருக்கும். டாக்டர்கிட்ட நீங்களே போயி அந்தச் சீட்டைத் திருத்தச் சொல்லுங்க. அண்ணிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க."

பஸ் போய்விட்டது. கண்ணாடிக்காரர் கிழிந்த காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு அக்கா வீட்டைப் பார்த்து நடந்தார்.